இரவற் கருவியும் தன்கைச் செயற்கூறும்

நிரலாக்கம் பயிலத் தொடங்கிய இளைஞன் ஒருவன், எண்ணுக்கு முன்னால் சுழிகளை இட்டு நிரப்பும் சிறு செயற்கூறு ஒன்றைத் தானே எழுத முற்படுகின்றான். அருகிருப்போர் நகைக்கின்றனர். "அஃது அணியமாகக் கிடைக்கின்றதே! எவரோ எழுதி வைத்துவிட்டார். எடுத்துப் போட்டுக்கொண்டு மேலே செல்லாமல் இதில் ஏன் பொழுதைப் போக்குகின்றாய்?" என்பது அவர்கள் கேள்வி. கேட்பவர் அறிவிலார் அல்லர். பெரும்பாலும் அத்தொழிலிலேயே ஊதியம் பெறுவோர். ஆயினும் அக்கேள்வி பிழையானது. தொழிலும் கல்வியும் வேறு வேறு என்பதை அது மறந்துவிடுகின்றது. தொழிலுக்கு வேண்டுவது விளைவு. கல்விக்கு வேண்டுவது அவ்விளைவுக்குச் சென்ற வழி. பொழிப்புரையை ஒப்பிக்கும் மாணவன் தேர்வில் மதிப்பெண் பெறலாம். பாட்டைத் தானே சொற்பிரித்துப் பொருள் கண்டவனோடு அவனை ஒரு தட்டில் வைத்து நிறுக்க எந்தத் தமிழாசிரியரும் ஒருப்படார்.

ஈண்டு எடுத்துக்கொண்ட மொழி சாவாசுகிரிப்டு. 1995-ஆம் ஆண்டு மே திங்களில், நெட்சுகேப்பு என்னும் அமெரிக்க நிறுவனத்தில் பணியாற்றிய பிரண்டன் ஐக்கு என்பார் அதன் முதல் வடிவைப் பத்தே நாள்களில் எழுதினார். முதலில் மோக்கா, அடுத்து இலைவுசுகிரிப்டு, அதன்பின் சாவாசுகிரிப்டு எனப் பெயர் மாறிற்று. சன் நிறுவனத்தின் சாவா என்னும் வேறொரு மொழிக்கு அந்நாளில் வணிக உலகில் இருந்த ஆரவாரத்தை ஒட்டி இடப்பெற்ற இரவற் பெயர் அது. இரண்டு மொழிகளுக்கும் இடையே உள்ள உறவு மிகக் குறைவு. இரவற் பெயர் பூண்ட மொழியை வைத்துக்கொண்டா தன்முயற்சியைப் பற்றிப் பேசுவது என்று எவரேனும் குறும்பாகக் கேட்பின், ஆம் என்பதே விடை. 1997-இல் எக்மா என்னும் தரவரையறை அமைப்பு அதற்கு இலக்கணம் வகுத்து வெளியிட்டது. இன்று எந்த உலாவியைத் திறந்தாலும் அதனுள் அம்மொழியை இயக்கும் பொறி உண்டு. தமிழ்நாட்டில் 2018-இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலிலும் அது இடம்பெற்றது. மாறி, அணி, சரம், செயற்கூறு என்னும் சொற்கள் தமிழ்வழிக் கணினி மாணவர்க்குப் புதியன அல்ல.

பத்து நாள்களில் பிறந்த பிள்ளைக்கு முழுமையான உறுப்புகள் எங்ஙனம் அமையும்? அம்மொழியின் கருவிப்பை தொடக்கத்தில் மிகச் சிறியது. கோணல்களும் உண்டு. 1, 2, 10 என்னும் எண்களை வரிசைப்படுத்தச் சொன்னால், வேறு குறிப்பு ஏதும் தராவிடின், 1, 10, 2 என்று அடுக்கும். எண்களைச் சரங்களாக மாற்றி எழுத்தெழுத்தாய் ஒப்பிடுவதே அதன் இயல்பு. வெறுமையைக் குறிக்கும் 'நல்' என்னும் மதிப்பைக் காட்டி அதன் வகை யாது என வினவினால், 'பொருள்' என விடை தரும். வெறுமையைப் பொருள் என்பது பிழை என எல்லாரும் அறிவர். ஆயினும் திருத்தினால் பழைய தளங்கள் குலையும் என்று அஞ்சி இன்றளவும் எவரும் கை வைத்திலர்.

இக்குறைகளை நிரப்பவே பிறர் எழுதிய செயற்கூற்று நூலகங்கள் தோன்றின. 2005-இல் புரோட்டோடைப்பு, 2006-இல் சான் இரெசிக்கு வெளியிட்ட சேகுவெரி, 2009-இல் செரெமி ஆசுகெனாசு வெளியிட்ட அண்டர்சுகோர், 2012-இல் சான் தேவிடு தால்டனின் உலோடாசு எனப் பெயர் பெற்றவை பல. இவற்றுள் எதுவும் தொடக்கத்தில் மாபெரும் படையொன்றின் உழைப்பன்று. ஒருவர் தம் வேலைக்கு வேண்டி எழுதிய சில செயற்கூறுகளைத் தொகுத்துப் பிறர்க்கும் தந்தார், அவ்வளவே. அண்டர்சுகோரின் நிரல்வரிகள், வரிக்கு வரி விளக்கம் எழுதப்பெற்ற உரைநூல் போல வெளியிடப்பட்டன. அவற்றைப் படித்தே தேர்ந்த நிரலர் ஒரு தலைமுறையினர். 'அணியமாகக் கிடைக்கின்றது' எனச் சொல்வோர், அவ் அணியப் பொருளும் எவனோ ஒருவன் தன் கையால் செய்து பழகியதன் விளைவே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரவல் எதுவரை போகும் என்பதை 2016-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள் உலகம் கண்டது. சாவாசுகிரிப்டு நிரலர்கள் தத்தம் செயற்கூறுகளைப் பொதிகளாகக் கட்டி வைக்கும் பெருங்கிடங்கு ஒன்று உண்டு, என்.பி.எம். என்பது அதன் பெயர். அசர் கோச்சுலு என்னும் நிரலர் அதில் 'கிக்கு' என்னும் பெயரில் ஒரு பொதி வைத்திருந்தார். அதே பெயருடைய செய்திப் பரிமாற்ற நிறுவனம் ஒன்று அப்பெயரைக் கேட்டது, அவர் மறுத்தார், கிடங்கினர் பெயரை நிறுவனத்திற்கு மாற்றித் தந்தனர். மனம் வெதும்பிய அவர் தம்முடைய பொதிகள் 273-ஐயும் கிடங்கிலிருந்து நீக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்று 'இலெஃப்ட்-பேடு'. சரத்தின் இடப்பக்கத்தில் வேண்டிய அளவுக்கு இடைவெளியோ சுழியோ இட்டு நிரப்புவதே அதன் வேலை. 7 என்பதை 007 ஆக்கும், வேறொன்றும் செய்யாது. அதன் நிரல் 11 வரி.

அந்தப் பதினொரு வரி இல்லாமற் போனதும், பேபல், இரியாக்டு முதலிய பெருங்கருவிகளை நம்பியிருந்த எண்ணிறந்த நிரல்கள் கட்டி எழுப்ப இயலாமல் நின்றன. அப்பெருங்கருவிகள் வேறு சில பொதிகளை நம்பின. அவை மற்றும் சிலவற்றை நம்பின. அச்சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில் இச்சிறு பொதி இருந்தது. தம் நிரல் அதனை நம்பியிருந்தது என்பதே பலர்க்கு அன்றுதான் தெரிய வந்தது. கிடங்கினர் சில மணி நேரத்திற்குள் அப்பொதியை உரியவர் இசைவின்றியே மீட்டு வைத்தனர். பின்னர், நாள்பட்ட பொதிகளை எளிதில் நீக்க முடியாதவாறு விதியையும் மாற்றினர். 2017-ஆம் ஆண்டின் மொழி வரையறையில் இடப்பக்கம் நிரப்பும் செயற்கூறு மொழியின் உறுப்பாகவே ஆயிற்று.

கோச்சுலு செய்தது முறையா, கிடங்கினர் செய்தது முறையா என்னும் வழக்கு அந்நாளில் நெடிது நடந்தது. அதனினும் இன்றியமையாத கேள்வி ஒன்று உண்டு. பயிற்சியுடைய எந்த நிரலரும் கால் மணி நேரத்தில் எழுதக்கூடிய பதினொரு வரியை இத்தனை ஆயிரம் பேர் ஏன் இரவல் வாங்கினர்? சோம்பல் என்று சொல்லிவிடுதல் எளிது. முழு உண்மை அதுவன்று. எழுதிப் பழகாதவனுக்கு எது சிறிது, எது பெரிது என்பதே தெரியாது. வெளியில் நின்று பார்ப்பவனுக்கு மூடிய கதவுகள் எல்லாம் ஒரே அளவினவாகத்தான் தோன்றும். பத்து வரிச் செயற்கூற்றையும் பதினாயிரம் வரிக் கருவியையும் அவன் ஒரே அச்சத்தோடு நோக்குகின்றான். இரண்டையும் ஒரே பணிவோடு இரவல் வாங்குகின்றான்.

இதற்கு மருந்து, மாணவன் தனக்கெனச் சிறு நூலகம் ஒன்றைத் தானே கட்டுதல். பத்துச் செயற்கூறுகள் போதும். அவற்றுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். சாவாசுகிரிப்டு தமிழெழுத்தாலாகிய பெயர்களைத் தடையின்றி ஏற்கும். நிரப்பு, தட்டையாக்கு, படியெடு, ஒப்பிடு, பொறுத்திரு, ஒருமுறை என்றிவ்வாறு பெயர் வைத்த செயற்கூறுகள் எந்த உலாவியிலும் இயங்கும். மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமாகவே இருக்கும். அவற்றை மாற்ற இயலாது. ஆனால் மாணவன் தானே ஆக்கிய பொருளுக்குத் தன் மொழியில் பெயரிடுவதை எவரும் தடுத்திலர். பலர் அதனை அறிந்ததே இல்லை.

ஒவ்வொரு செயற்கூறும் ஒவ்வொரு பாடம். தட்டையாக்கு என்பதை எடுத்துக்கொள்க. பேழைக்குள் பேழையாக அணிக்குள் அணி அடங்கியிருக்கும். எல்லாவற்றையும் திறந்து ஒரே வரிசையாக வைக்க வேண்டும். மாணவனின் முதல் முயற்சி ஒரு மூடியை மட்டும் திறக்கும். இரண்டாம் முயற்சியில் இரண்டு மூடிகளைத் திறக்கும் வரிகளை எழுதுவான். மூன்று மூடி உள்ள பேழை வந்ததும் திகைப்பான். அப்போதுதான், செயற்கூறு தன்னைத் தானே அழைத்துக்கொள்ளலாம் என்னும் கருத்து அவனுக்கு விளங்கும். பாடநூலில் அக்கருத்தை அவன் முன்னரே படித்திருப்பான், தேர்விலும் எழுதியிருப்பான். ஆனால் அதன் தேவை அன்றுதான் அவனுக்குப் புலனாகும். அதன்பின், தன்னையே தனக்குள் உறுப்பாகக் கொண்ட அணி ஒன்றை எவரேனும் தந்தால் என்னாகும் என்று கேட்டால், அவனுடைய செயற்கூறு முடிவின்றிச் சுழன்று, இறுதியில் பொறி பிழைச்செய்தி காட்டி நிற்கும். எல்லை வகுத்தல் என்பது அடுத்த பாடம்.

பொறுத்திரு என்னும் செயற்கூறு இன்னும் நுட்பமானது. தேடுபெட்டியில் ஒருவர் தட்டச்சிடும்போது விசைதோறும் சேவைக்கணினியைக் கேட்பது வீண்சுமை. தட்டுவது நின்று சிறிது பொழுது, 300 மில்லிநொடி என்று கொள்க, கழிந்த பின்னரே கேட்க வேண்டும். இதனை எழுதுவதற்கு, ஒரு செயற்கூறு வேறொரு செயற்கூற்றை ஆக்கித் தருதல் வேண்டும். அவ்வாறு ஆக்கப்பட்டது, தான் பிறந்த இடத்தில் இருந்த மாறிகளை நினைவில் வைத்திருத்தல் வேண்டும். புகுந்த வீட்டுக்குச் சென்ற பின்னும் பிறந்தகத்து உரிமை நீங்காத மகளைப் போன்றது அது. சாவாசுகிரிப்டின் உயிர்நிலையே இக்கருத்துதான். ஆறேழு வரியில் அடங்கும் பொறுத்திரு என்பதை ஒருமுறை தானே எழுதி, ஏன் கடிகாரக் குறி ஒவ்வொரு முறையும் அழிந்து புதிதாய்ப் பிறக்கின்றது எனக் கண்டவன், அதன்பின் எந்த நூலகத்தைத் திறந்தாலும் மிரளான்.

படியெடு என்பதும் அவ்வாறே. பொருளைச் சரமாக மாற்றி மீண்டும் பொருளாக்கிவிட்டால் படி கிடைத்துவிடும் என்று குறுக்கு வழி சொல்வர். செய்து பார்த்தால், நாள்குறிப்புகள் வெறுஞ்சரமாகிக் கிடக்கும். உள்ளிருந்த செயற்கூறுகள் காணாமற் போயிருக்கும். ஒப்பிடு எழுதுகையில், 'எண் அன்று' என்னும் மதிப்பு தனக்குத் தானே ஈடாகாது என்னும் விந்தை வெளிப்படும். இவற்றையெல்லாம் பட்டியலிட்டுக் கற்பித்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். தன் செயற்கூறு தவறிய இடத்தில் கண்டவனுக்கு மறக்காது.

பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வரி எழுதுமுன், எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை வரவேண்டும் என்பதைத் தாளில் எழுதிவிட வேண்டும். வெறுஞ்சரம், சுழி, எதிரெண் ஆகியவற்றையும் சேர்த்து. பின்னர் எழுத வேண்டும். ஆய்ந்து பார்க்க வேண்டும். அதன்பிறகே அண்டர்சுகோர் முதலியவற்றின் நிரல்வரிகளைத் திறந்து, அவர்கள் எங்ஙனம் செய்தனர் என்று ஒப்புநோக்க வேண்டும். முன்னரே திறந்துவிட்டால் உரையை முதலில் படித்துவிட்டுப் பாட்டுக்கு வருவது போலாகும்.

செய்யத் தகாதனவும் உண்டு. தன் செயற்கூறுகளை மொழியின் உள்ளுறுப்புகளோடு ஒட்டவைத்தல் முதற்பிழை. அணி என்னும் உள்ளமைந்த வகைக்கே 'தட்டையாக்கு' என்னும் புதுப்பண்பைச் சேர்த்துவிட மொழி இடந்தருகின்றது. பழைய நூலகங்கள் சில அவ்வாறே செய்தன. மூடூல்சு என்னும் நூலகம் ஆங்கிலப் பெயரில் அப்பண்பைச் சேர்த்திருந்தது. 2018-இல் மொழிக்குழுவினர் அதே பெயரில் உறுப்பு ஒன்றை மொழியிலேயே அமைக்க முற்பட்டபோது, அந்நூலகத்தைப் பயன்படுத்திய பழைய தளம் குலைந்தது. முடிவில் மொழியே தன் பெயரைச் சுருக்கிக்கொள்ள நேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு வரையறையில் வேறு பெயரோடு அவ்வுறுப்பு வந்தது. ஒரு சிறு குழுவினர் தம் வீட்டுத் திண்ணையைப் பொதுத்தெருவில் நீட்டிக் கட்டியதால், பிற்காலத்தில் தெருவே வளைந்து சென்றது. மாணவனின் செயற்கூறுகள் தனி வீட்டில் தனிப்பெயரோடு இருக்கட்டும்.

மறையாக்கம் போன்றவற்றில் தன்கைப் பொருளைத் தொழிலுக்குப் பயன்படுத்தலும் ஆகாது. கடவுச்சொல்லைக் காக்கும் கணக்கைப் பயிற்சிக்காக எழுதிப் பார்க்கலாம். அதனை நம்பிப் பிறர் பணத்தை வைத்தல் கூடாது. அவ்வாறே, பயிற்சிக்கு எழுதியதை உடனே பெருங்கிடங்கில் கொண்டுபோய் வைப்பதும் வேண்டாத வேலை. அங்கே வைத்த பொருளுக்குக் காவலும் வேண்டும். 2025 செப்டம்பரில், பலராலும் பயன்படுத்தப்பெற்ற பொதிகளைப் பேணி வந்த ஒருவரைப் பொய்யஞ்சலால் ஏமாற்றி, அவர்தம் பொதிகளில் பணம் கவரும் நிரலைப் புகுத்திவிட்டனர். பட்டறிவு மிக்கவர்க்கே அந்நிலை.

இன்று வேறொரு குரலும் எழுகின்றது. "செயற்கை அறிவுப் பொறியைக் கேட்டால் நொடியில் எழுதித் தருகின்றது, இனிப் பயிற்சி எதற்கு?" என்கின்றனர். பொறி எழுதித் தருகின்றது என்பது உண்மை. பெரும்பாலும் சரியாகவே தருகின்றது என்பதும் உண்மை. பெரும்பாலும் என்னும் அச்சொல்லில்தான் சிக்கல் இருக்கின்றது. தந்தது சரியா, பிழையா என்று சொல்ல ஒருவர் வேண்டுமன்றோ? படியெடு என்பதைத் தானே எழுதித் தடுமாறியவன், பொறி தந்ததில் நாள்குறிப்பு சரமாகிவிடுகின்றதா என்று முதலில் பார்ப்பான். எழுதாதவன் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து மகிழ்ந்து அனுப்பிவிடுவான்.

இதுவரை சொன்னது எந்நாட்டு மாணவனுக்கும் பொருந்தும். தமிழ் மாணவனுக்கு இன்னொரு கரணியம் உண்டு. அதில்தான் பயிற்சி என்பது தேவையாகவே மாறுகின்றது.

'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாது எனச் சாவாசுகிரிப்டை வினவினால், 5 என்று விடை தரும். முதல் வகுப்புக் குழந்தையும் 3 என்று சொல்லும். பொறி எண்ணுவது எழுத்தை அன்று, குறியெண்களை. ஒருங்குறியில் த ஒன்று, ம ஒன்று, இகரக்குறி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று என ஐந்து குறியெண்கள். அச்சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால், புள்ளி முதலில் வந்து அமர இடமின்றித் தொங்கும். மகரத்தின் இகரக்குறி ழகரத்தில் ஒட்டிக்கொண்டு ழி ஆகும். பின் ம, த எனக் கிடக்கும். வரவேண்டியது ழ், மி, த.

நூலகங்கள் காப்பாற்றுமோ எனின், அதுவும் இல்லை. உலோடாசின் நான்காம் பதிப்பு, சரத்தை எழுத்துகளாகப் பிரிக்கையில், இலத்தீன எழுத்தின் மேல் ஏறும் குறிகளைப் பிரிக்காமல் சேர்த்தே வைக்கின்றது. முகக்குறிப் படங்களையும் சிதையாமல் காக்கின்றது. தமிழின் உயிர்க்குறியையும் புள்ளியையும் அவ்வாறு கொள்ளவில்லை. எழுதியவர் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் அறிந்த எழுத்துகளுக்கு அவர் செய்தார். சிரிக்கும் மஞ்சள் முகத்துக்குக் கிடைத்த காவல் ஓர் எழுத்துமுறைக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டும் குறிக்கத்தக்கது. தன் எழுத்தை அறிந்தவன் தானே செய்துகொள்ள வேண்டிய வேலை இது.

அந்த இடப்பக்க நிரப்பியும் இங்கே தவறுகின்றது. பத்து இடத்திற்கு நிரப்பு என்றால், 'தமிழ்' என்பதற்கு ஐந்து இடைவெளியே இடும். மூன்றெழுத்துக்கு ஏழு வேண்டும். மொழியில் 2017-இல் சேர்ந்த உறுப்பும் இவ்வாறே எண்ணுகின்றது. (எழுத்தை எண்ணி நிரப்பினாலும் தமிழ் அச்சில் பத்தி நேராக நிற்கும் என்று உறுதி கூற இயலாது, ரகரமும் ணகரமும் ஒரே அகலம் உடையன அல்ல. அது வேறு சிக்கல்.)

ஆகவே, தமிழ் மாணவனின் நூலகத்தில் முதற் செயற்கூறு 'எழுத்துப்பிரி' என்பதாக அமைதல் நன்று. சரத்தின் குறியெண்களை ஒவ்வொன்றாக நோக்கி, உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முன்னதனோடு சேர்க்க வேண்டும். அல்லாதது வந்தால் புதிய எழுத்தாகத் தொடங்க வேண்டும். பத்து வரிக்குள் அடங்கும். இவ்வாறு பிரித்துத் தரும் கருவி ஒன்று உலாவிகளுக்குள்ளேயே வந்துவிட்டது. 2024 ஏப்பிரலில் பயர்பாக்சும் ஏற்றபின் பெரிய உலாவிகள் அனைத்திலும் கிடைக்கின்றது. தொழிலுக்கு அதனைக் கொள்க. ஆனால் முதலில் தன் பத்து வரியை எழுதுக. பின் இரண்டும் தரும் விடைகளை ஒப்பிடுக.

வரிசைப்படுத்தலும் அவ்வாறே. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. றகரம் ரகரத்தை அடுத்து உள்ளது. எனவே 'கனல்', 'கமுகு' என்னும் இரண்டையும் குறியெண்படி அடுக்கினால் கனல் முன்னே வரும். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதி மெய். கமுகுதான் முன்னே நிற்க வேண்டும். பதினெட்டு மெய்யின் வரிசையைத் தானே எழுதி, அதன்படி ஒப்பிடும் செயற்கூற்றை ஆக்கும் மாணவனுக்கு, நிரலோடு நெடுங்கணக்கும் மீண்டும் ஒருமுறை படிகின்றது. 'கொ' என்னும் எழுத்தையோ, ஒரே ஒகரக்குறியாகவும் எழுதலாம். எகரக்கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒப்பிடு என்னும் செயற்கூற்றுக்கு வேறு வேறு. இருவகையையும் ஒன்றாக்கும் உறுப்பு 2015 முதல் மொழியில் உண்டு; அதனை முதலில் இயக்காமல் ஒப்பிட்டால் தேடிய சொல் கிடைக்காது.

இலக்கணம் உள்ளே வரும்போதுதான் பயிற்சி சுவைபடும். மாத்திரை எண்ணும் செயற்கூறு ஒன்றை எழுதச் சொல்க. குறில் 1, நெடில் 2, மெய் ½ என்று மூன்று விதி எழுதியதும் 'தமிழ்' என்பதற்கு 2½ என்று சரியாக வரும். மாணவன் மகிழ்வான். அடுத்து 'நடு' என்று தருக, 2 என்னும், சரியே. 'நாடு' என்று தருக, 3 என்னும். பிழை. ஈற்று டு குற்றியலுகரம், அரை மாத்திரையே பெறும், விடை 2½. வல்லினத்தோடு சேர்ந்து சொல்லின் ஈற்றில் நிற்கும் உகரத்தைக் கண்டு, அதற்கு முன் நிற்பது தனிக்குறிலா அன்றா என்று பின்னோக்கிப் பார்த்து முடிவு செய்தல் வேண்டும். ஓரெழுத்தை மட்டும் நோக்கி விடை சொல்ல இயலாது என்பதும், சூழலை அறிய வேண்டும் என்பதும் அங்கே விளங்கும். குற்றியலுகரத்தைத் தேர்வுக்காக நெட்டுருச் செய்தவனுக்கும் அதனைப் பொறிக்கு விளக்கிச் சொன்னவனுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த வகுப்பறையிலும் காணலாம்.

அதன்பின் 'தலை' தருக, 3 வரும். ஐகாரம் சொல்லின் இடையிலும் ஈற்றிலும் ஒரு மாத்திரையாகக் குறுகும், 2 வரவேண்டும். முதலில் நிற்பின் ஒன்றரை. 'வையம்' என்பதற்கு 3. தனித்து நிற்கும் 'கை' குறுகாது. விதிகளை எந்த வரிசையில் எழுதுவது என்பது இப்போது கேள்வியாகும்; வரிசை மாறினால் விடை மாறும். 'ஔவை'க்கு ஔகாரமும் குறுகி 2½ வரவேண்டும். வந்துவிட்டது என்று மாணவன் தாளில் குறித்துக்கொண்டு, நண்பன் தட்டச்சிட்டு அனுப்பிய சொற்பட்டியலை அதே செயற்கூற்றுக்கு ஊட்டுகின்றான். அதே சொல்லுக்கு 3 என்று வருகின்றது. திரையில் இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. குறியெண்களைப் பிரித்துப் பார்க்கின்றான். நண்பன் ஔகாரத்தை இடவில்லை; ஒகரத்தை இட்டுப் பக்கத்தில் ளகரத்தை இட்டிருக்கின்றான்.